ஆடியில் ஏரிக்கரைக்குப் போனவர்கள்

கண்ணாத்தாளுக்குக் கலியாணமாகி இரண்டு மாதமும் சொச்ச நாளும் ஆகியிருந்தன. அந்த இரண்டு மாதத்தில் அவள் தன் புருஷனோடு தனியாகப் பேசியதையெல்லாம் ஒன்றாகச் சேர்த்தால்கூட ஒரு படி ராகி அரைக்கிற நேரம் வராது. திருச்செங்கோட்டுக்குத் தெற்கே இருந்த அந்த வீட்டில் மாமியார் முத்தாயம்மாள், நாச்சிமுத்துவுக்கு மூத்த அண்ணன்மார் இரண்டு பேர், அவர்களுடைய பெண்டாட்டிமார், ஆறு குழந்தைகள். அறை என்று சொல்லும்படி இருந்தவை இரண்டு. புதுசாய்க் கலியாணமானவர்களுக்குச் சோளத்தட்டு அடுக்குகிற ஓலைச் சாளையில் ஒரு மூலையை ஒழித்துக் கொடுத்திருந்தார்கள். அந்த மூலையிலும் நான்கு ஆட்டுக்குட்டிகள் முன்னமே குடியிருந்தன. கோழி கூவுமுன் எழுந்தால் இருட்டுகிற வரை அவளுக்கு மாட்டுச்சாணம், கம்பு இடிப்பு, கிணற்றடி. அவனுக்கு ஏர், கிணற்றில் கவலை இறைப்பு, மறுபடி ஏர். இருவரும் பார்த்துக்கொள்கிற நேரத்தில் ஒருவர் கட்டாயம் தூங்கிக்கொண்டிருப்பார். ஊருக்குத்தான் அவர்கள் புருஷன் பெண்டாட்டி.

ஆடி பிறந்ததும் அவளுடைய அம்மா செல்லியம்மாள் வந்து மகளை அழைத்துப் போய்விட்டாள். இடைப்பாடிப் பக்கத்தில் ஒற்றைத் தோட்டத்துச் சாளை. புருஷனை இழந்த செல்லியம்மாளும் ஒரு மாடும்தான் அங்கே. ஆடியில் புதுத் தம்பதிகளைப் பிரித்து வைப்பது ஊர் வழக்கம். சேர்ந்திருந்தால் பிள்ளை சித்திரையில் பிறக்கும். தலைப்பிள்ளை ஆணாய்ச் சித்திரையில் பிறந்தால் தகப்பனுக்கு ஆகாது. இதை முதலில் கண்டுபிடித்த புண்ணியவதி, கோடை வெயிலில் பிரசவம் பார்த்துச் சலித்துப்போன ஒருத்தியாகத்தான் இருக்கவேண்டும். ஆனாலும் ஊர் முழுக்க அதை நம்பியது. கண்ணாத்தாளும் நம்பினாள். நாச்சிமுத்துவும் நம்பினான். என்ன, மூன்று நாளைக்கு மட்டும் அதை மறந்துவிட்டான்.

மேட்டூர் அணையில் தண்ணீர் நிறுத்தி மூன்றாம் வருஷம் அது. ஆடிப் பதினெட்டு நோம்பிக்கு மாமியார் வீடு வந்த நாச்சிமுத்து, கலியாண மாலையைக் காவேரியில் விட்டுவர மாட்டு வண்டியைப் பூட்டினான். காய்ந்து சருகான மாலையை வெள்ளைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு கண்ணாத்தாள் ஏறினாள். ஊரே போகிற தடம், பகல்தானே, பொழுதோடு திரும்பிவிடுவார்கள் என்று செல்லியம்மாள் கூடப் போகவில்லை. வண்டியில் இரண்டு சாக்குப் படுதாக்களும், ஒரு சட்டியும், ராகி மாவும், உப்பும் மிளகாயும் வைக்கோலுக்கு அடியில் இருந்தது அவளுக்குத் தெரியாது.

பூலாம்பட்டிக்குத் தடம் பிரிகிற இடத்தில் அவன் மாட்டை வடக்கே திருப்பினான்.

"ஏனுங்க, ஆத்துக்குப் போற தடம் அந்தப் பக்கமுங்க."

"தெரியும் புள்ள. அங்க போனா உங்க ஊர்ச் சனம் பூராவும் இருக்கும். மேட்டூர் ஏரிக்குப் போலாம். அதுவும் காவேரித் தண்ணிதான். அங்க நம்மளத் தெரிஞ்சவிய ஒரு ஈ காக்கா இல்ல."

"பொழுதோட வரச் சொன்னாங்களே அம்மா."

"அச்சு முறிஞ்சு போச்சுன்னு சொல்லிக்கலாம்."

"முறியலீங்களே."

"ஆறு வருசத்து அச்சு. போற போக்குல முறிஞ்சாலும் முறியும்."

அவளுக்குப் பயமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் வந்தது. வண்டியைத் திருப்பச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பின்னால் எத்தனையோ தரம் அந்த இடத்தை நினைத்துப் பார்த்தாள். ஒரு தரம்கூட, திருப்பச் சொல்லியிருக்கலாமே என்று அவளால் மனதார நினைக்க முடியவில்லை.

அணை கட்டும்போது இரண்டு வருஷம் கல் வண்டி ஓட்டியவன் நாச்சிமுத்து. அதனால் தடம் தெரிந்திருந்தது. மேச்சேரிப் பக்கமாகப் போய், ஒரு கரட்டுக் குன்றின் ஓரத்தில் ஏரிக்கரையில் இறங்கியபோது பொழுது சாய்ந்திருந்தது. அவ்வளவு தண்ணீரை அவள் அதுவரை பார்த்ததில்லை. தண்ணீருக்குள் பட்டுப்போன பனைமரங்கள் தலையை மட்டும் நீட்டிக்கொண்டு நின்றன. வண்டியின் இரண்டு பக்கமும் சாக்கைத் தொங்கவிட்டுக் கல்லை வைத்து அழுத்தினான். அதுதான் வீடு. ஆடிக் காற்று அந்தச் சாக்கைப் பிய்த்துக்கொண்டு போகப் பார்த்தது. மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டினால் புகை முழுக்க அவள் கண்ணுக்கே வந்தது. களியில் பாதி மணல். நறநறவென்று கடித்தபடியே இருவரும் தின்றார்கள்.

தேனிலவு என்ற வார்த்தை அவர்கள் காதில் விழுந்ததே இல்லை. விழுந்திருந்தாலும் முதல் நாள் அவர்கள் செய்தது அதற்குப் பொருந்தியிருக்காது. சாப்பிட்டார்கள், படுத்தார்கள், தூங்கினார்கள். மறுநாள் வெயில் முகத்தில் சுட்ட பிறகும் தூங்கினார்கள். நடுவில் ஒருதரம் விழித்த கண்ணாத்தாளுக்கு, யாரும் தன்னைக் கூப்பிடவில்லை என்பதை உணரவே கொஞ்ச நேரமாயிற்று. இடிக்கக் கம்பு இல்லை. அள்ளச் சாணம் என்று பார்த்தால் வண்டிமாடு போட்டது மட்டும்தான், அதையும் அள்ள வேண்டியதில்லை. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை. அசதி, அவ்வளவுதான். உடம்பில் அத்தனை அசதி இருந்தது நின்று பார்த்தபோதுதான் தெரிந்தது.

மத்தியானம் மாலையைத் தண்ணீரில் விட்டார்கள். காற்று கரையைப் பார்த்து அடித்தது. விட்ட மாலை நாய்க்குட்டி மாதிரி காலடிக்கே திரும்பி வந்தது. நாச்சிமுத்து முழங்கால் ஆழம் போய்த் தள்ளினான். மறுபடியும் வந்தது.

"இன்னும் கொஞ்சம் உள்ளாற போங்க."

"எனக்கு நீச்சல் தெரியாது புள்ள."

"கெணத்துக்காரூட்டுல பொறந்துட்டா?"

"சின்னதுல ஒருக்கா முழுகிப்போட்டேன். அதுல இருந்து பயம். ஊட்டுல யாருக்கும் தெரியாது, சொல்லிப்போடாத."

கண்ணாத்தாள் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள். ஐந்து வயதில் கிணற்றில் குதித்தவள். மாலையை ஒரு கையில் உயர்த்திப் பிடித்தபடி, பட்டுப்போன ஒரு பனையைத் தாண்டி நீந்திப்போய் விட்டுவிட்டு வந்தாள். கரையோரமாக அவன் இடுப்பளவு தண்ணீரில் நின்று, "போதும் வா, போதும் வா" என்று கத்திக்கொண்டிருந்தான். பரிசலில் போன மீன்காரன் ஒருவன் நின்று பார்த்துச் சிரித்து, இரண்டு கெண்டையைக் கரையில் வீசிவிட்டுப் போனான். புருஷனுக்குத் தன்னால் ஆகிற ஒரு காரியம் உண்டு என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அவன் பயப்படுகிறவன் என்பதும் தெரிந்தது. அதற்குப் பிறகு அவனை அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. மூன்றாம் நாள் வண்டியைப் பூட்டினார்கள். அங்கேயே இருந்துவிடலாமா என்று கேட்கிற அளவுக்கு இரண்டு பேருமே சின்னப் பிள்ளைகள் இல்லை.

செல்லியம்மாள் அச்சைக் குனிந்து பார்த்தாள். பழைய அச்சுதான். "முறிஞ்ச அச்சு நல்லாத்தான் ஒட்டியிருக்குது" என்று மட்டும் சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனாள்.

ஆவணி முதல் தேதி கண்ணாத்தாள் புகுந்த வீடு போனாள். புரட்டாசி கழிவதற்குள் விஷயம் தெரிந்துவிட்டது. முத்தாயம்மாள், "எந்த மாசம் அம்முணி?" என்று கேட்டபோது, விசாரிக்க வந்திருந்த செல்லியம்மாள் முந்திக்கொண்டு, "வைகாசிங்க சம்பந்தி" என்றாள். அத்தனை பேர் நடுவில் பச்சைப் பொய். அது எந்த மாதம் என்று கண்ணாத்தாளுக்குத் தெரியும், நாச்சிமுத்துவுக்கும் தெரியும். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

மாசியில் அவளை அம்மா வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். பங்குனிக்குள் பிள்ளை பிறந்துவிட்டால் குறைமாதம் என்று சொல்லித் தப்பிக்கலாம். அதற்காக அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல. நிறைவயிற்றோடு உலக்கை போட்டாள். நடுவெயிலில் குடம் குடமாய்ச் சுமந்தாள். கிணற்றுப் படியில் ஏறினாள், இறங்கினாள். பிள்ளை அசையவில்லை. பங்குனி கடைசி நாள் சாயங்காலம் களத்தில் உட்கார்ந்து, "ஏஞ்சாமி, இன்னைக்கி வந்துருடா" என்று வயிற்றைப் பார்த்துக் கெஞ்சினாள். அவன் தன் நாளைப் பார்த்துக்கொண்டு, சித்திரை ஒன்பதாம் தேதி உச்சிப் பொழுதில் நிதானமாக வந்து சேர்ந்தான். ஆண் பிள்ளை. நல்ல குரல்.

"வைகாசி ஒண்ணாந்தேதிதான் புள்ள பொறந்த தாக்கல் சொல்லோணும்" என்றாள் செல்லியம்மாள். "இருவத்தி ரெண்டு நாள். கண்ணை மூடித் தொறக்கறதுக்குள்ள போயிரும். இப்பச் சொன்னா உன்ற மாமியா வாழ்நாளுக்கும் சொல்லிக் காட்டுவா. மாப்பிள்ளைக்கு ஒரு தலைவலி வந்தாலும் இந்தப் புள்ள மேலதான் பழி போடுவாங்க."

"அவியளுக்கு மட்டுமாச்சும் சொல்லலாமுங்கம்மா."

"அவரு வாயில நிக்குமா? வண்டி அச்சு முறிஞ்ச கதையவே ஒழுங்காச் சொல்லத் தெரியல அவருக்கு."

மருத்துவச்சியின் கையில் புதுச் சேலையை வைத்து வாயைக் கட்டினாள். வாசலில் வேப்பிலையைச் செருகி, மகளுக்கு அம்மை பார்த்திருக்கிறது என்று சொன்னாள். அம்மை கண்ட வீட்டுக்குள் யார் நுழைவார்கள்? தோட்டத்துக்கு வந்து போகிறவர்கள் தடத்திலேயே நின்று குரல் கொடுத்துவிட்டுப் போனார்கள். காரியக்காரி செல்லியம்மாள். அவள் செய்தது எல்லாம் மகளுக்காகத்தான். அதனால்தான் அவளை வைவதற்கும் முடியாமல் போயிற்று.

ஏழாம் நாள் நாச்சிமுத்து வந்தான். சந்தைக்கு வந்தவன் நுங்குக் குலையோடு தோட்டத்துக்குள் நுழைந்துவிட்டான். வேப்பிலையைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றான். செல்லியம்மாள் கையைக் கூப்பினாள். "உள்ள வரக்கூடாதுங்க மாப்பிள்ளை. ஆத்தா எறங்கியிருக்கறா. தண்ணி வார்த்தப்புறம் வாங்க."

அவன் சுவரை ஒட்டி வந்து நின்றான். மண்சுவர். உள்ளே அதே இடத்தில்தான் கண்ணாத்தாள் பாயில் உட்கார்ந்திருந்தாள். மடியில் பிள்ளை சிணுங்கத் தொடங்கியது. சட்டென்று மார்பில் போட்டுக்கொண்டாள்.

"ஏம்புள்ள, எப்பிடி இருக்கற?"

"நல்லாருக்கறனுங்க."

"ரொம்ப எரியுதா?"

"இல்லீங்க. எறங்கிட்டுது."

"வகுத்துல இருக்கறதுக்கு ஒண்ணுமில்லியே?"

பிள்ளை மடக் மடக்கென்று குடித்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் சுவரைத் தாண்டிக் கேட்டுவிடுமோ என்று பயந்தாள். கேட்டுவிடாதா என்றும் ஏங்கினாள்.

"ஒண்ணுமில்லீங்க" என்றாள்.

அவன் இன்னும் கொஞ்ச நேரம் நின்றான். வெள்ளை மாடு சினையாகியிருப்பதைச் சொன்னான். பிள்ளைக்குப் புளியமரத்தில் தொட்டில் கட்டக் கயிறு திரித்து வைத்திருப்பதைச் சொன்னான். மாரியம்மனுக்கு மாவிளக்கு நேர்ந்துகொள்வதாகச் சொன்னான். மோர் வாங்கிக் குடித்துவிட்டுப் போய்விட்டான். அவனுக்கும் அவன் மகனுக்கும் நடுவில் ஒரு முழச் சுவர்தான் இருந்தது. இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. யார் மேல் என்று சொல்லத் தெரியவில்லை.

பதினோராம் நாள் பிள்ளைக்கு இழுப்பு வந்தது. மருத்துவச்சி சூடு வைத்தாள், உரை மருந்து கொடுத்தாள். பதினாலாம் நாள் காலை பால் குடிக்கவில்லை. மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. தோட்டத்து மூலையில் ஊஞ்ச மரத்தடியில் செல்லியம்மாளே குழி வெட்டினாள். வெட்டி முடித்தபின் மண்வெட்டியைப் பிடித்தபடியே அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். எழுப்பத்தான் ஆள் இல்லை.

அன்றைக்கே தாக்கல் போயிற்று. அம்மை கண்டதால் மாதம் நிறையாமல் பிள்ளை செத்தே பிறந்தது என்று. இரண்டு வாரம் சித்திரையில் உயிரோடிருந்தது என்று சொல்லி இனி என்ன ஆகப்போகிறது? "என்ற மேல ஆணை, வாயத் தொறக்காத" என்று மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள் செல்லியம்மாள்.

நாச்சிமுத்து ஓடி வந்தான். பாயோரத்தில் உட்கார்ந்து, தலையில் கை வைத்துக்கொண்டு, "உன்ற மேல தப்பு இல்ல புள்ள. நாந்தான் ஆடியில ஏரிக்கு இழுத்துட்டுப் போனேன். சாமி குத்தம் ஆகிப்போச்சு" என்றான். அப்போது அவள் சொல்லியிருக்கலாம். பால் கட்டிய மாரில் வலி பொறுக்கவில்லை. பதினெட்டு வயது. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அந்த ஒரு நாள் ஒன்பது வருஷமாக நீண்டுவிட்டது. இரண்டு பெண் பிள்ளைகள் பிறந்தார்கள். சொத்துப் பாகமாகித் தனியாக மூன்று ஏக்கர் வந்தது, கூடவே வேலையும் வந்தது. யுத்தத்தில் துணிக்கும் தானியத்துக்கும் வரிசையில் நின்றார்கள். நாச்சிமுத்து நல்லவன்தான். கை நீட்டமாட்டான், வாய் நீட்டமாட்டான். ஆனால் ஏரிக்கரையில் அச்சைப் பற்றிக் கதை விட்டவன் பிறகு எங்கேயும் காணோம். எதற்கும் நாள் பார்த்தான். எங்கே கூப்பிட்டாலும் வேண்டாம் என்றான். நல்லது எது வந்தாலும் அதற்கு ஏதோ தண்டனை பின்னால் வரும் என்பது மாதிரி ஒதுங்கி நின்றான். கண்ணாத்தாள் அதைப் பார்த்துக்கொண்டே இடித்தாள், அரைத்தாள், களை எடுத்தாள். ஒவ்வொரு நாளும் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று எழுவாள். படுக்கும்போது அலுப்பில் நாளைக்கு என்று விட்டுவிடுவாள்.

யுத்தம் முடிந்த மறுவருஷம் செல்லியம்மாள் போய்ச் சேர்ந்தாள். அந்த ஆடி நோம்பிக்கு மூத்த மகள் சௌந்திரம், "காவேரிக்குப் போலாமுங்கப்பா" என்று அவன் காலைக் கட்டிக்கொண்டாள்.

"வேண்டாஞ்சாமி. நான் ஒருக்கா போயி, உனக்கு முந்திப் பொறக்க வேண்டியவனத் தூக்கிக் குடுத்துப்போட்டேன்" என்றான் நாச்சிமுத்து. அழாமல், வெயில் அதிகம் என்று சொல்வதுபோலச் சொன்னான்.

கண்ணாத்தாளுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. மகளை ஆட்டுக்குத் தழை ஒடிக்க அனுப்பினாள். கடலைக் காட்டில் களைக்கொத்தைக் கீழே போட்டுவிட்டு அவனுக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

"அது செத்துப் பொறக்கலீங்க. சித்திரை ஒம்பதுல பொறந்துது. பதினாலு நாள் இருந்துது."

அவன் விளங்காமல் பார்த்தான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். வேப்பிலை, மருத்துவச்சி, ஆணை, ஊஞ்ச மரம், எதையும் விடவில்லை.

"நான் வந்தன்னிக்கி?"

"மடியில இருந்துதுங்க. பால் குடிச்சுட்டு."

"நான் பேசுனது கேட்டிருக்குமா அதுக்கு?"

"கேட்டிருக்குமுங்க."

நாச்சிமுத்து எழுந்து கிணற்று மேட்டுக்குப் போனான். சாயங்காலம் வரை வரவில்லை. வந்தபிறகு அவள் கையால் சாப்பிடுவதையே விட்டுவிட்டான். அண்ணன் வீட்டிலும் சாப்பிடவில்லை. மகளைவிட்டுக் கூழ் ஊற்றச் சொல்லிக் குடித்தான். ஒன்பது வருஷப் பாரம் இறங்கியதும் லேசாகிவிடும் என்று நினைத்திருந்தாள். லேசாகவில்லை. இடம் மாறி அவன் தோளில் ஏறியிருந்தது. அவனுக்கு இது புதுச் சாவு. துக்கம் கேட்க ஒருவர்கூட வராத சாவு.

ஆவணியில் மூத்த அண்ணன் மகளுக்குக் கலியாணம். பந்தலில் ஊரும் உறவும் நிறைந்திருந்தன. முத்தாயம்மாள் நடுவில் வெற்றிலைத் தட்டோடு உட்கார்ந்திருந்தாள். கண்ணாத்தாள் பந்தியில் சோறு பரிமாறிக்கொண்டு வந்தாள். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் அர்த்தநாரி, பக்கத்து இலையில் இருந்த நாச்சிமுத்துவிடம் பேச்சுவாக்கில் கேட்டார்.

"உங்களுக்கு எத்தன கொழந்தைங்க?"

எப்போதும் சொல்கிற பதில் அவளுக்குத் தெரியும். ரெண்டும் பொண்ணுங்க என்பான். அவள் அடுத்த இலைக்கு நகர்ந்தாள்.

"மூணுங்க" என்றான் நாச்சிமுத்து. குரல் உயர்ந்திருந்தது. "மூத்தவன் பையன். சித்திரையில பொறந்தான். பதினாலு நாள் இருந்தானுங்க."

முத்தாயம்மாள் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தி மகனைப் பார்த்தாள். பிறகு மருமகளைப் பார்த்தாள். நாச்சிமுத்து யாரையும் பார்க்கவில்லை. இலையைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தினான்.

"கண்ணாத்தா, எனக்குச் சோறு போடு" என்றான்.